நான்கு மாதக் குழந்தைக்கு ஹேர்னியா: எந்தப் புத்தகத்தை நம்புவது?

களுவாஞ்சிகுடிப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் சகோதரியின் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். நிறைமாதத்தில் பிறந்த நான்கு மாத ஆண் குழந்தைக்கு அழும்போதும் முக்கும்போதும் வலது கவட்டில் ஒரு வீக்கம் எழுந்து, உறங்கும்போது அது மறைந்துவிடுகிறது. வைத்தியசாலையில் ஹேர்னியா, அதாவது குடலிறக்கம், என்று சொல்லி, இரண்டு கிழமைக்குள் வெட்டித் திறக்கும் முறையில் சத்திரசிகிச்சை செய்ய நாள் குறித்திருக்கிறார்கள். லண்டனில் இருக்கும் அண்ணா ஒரு பெரிய ஆங்கிலப் பாடநூலின் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி, இப்போது எல்லாம் லெப்ரஸ்கோப்பிதான் (சிறு துளை வழியாகக் கமராவை நுழைத்துச் செய்யும் முறை), பிள்ளையைக் கொழும்புக்குக் கொண்டுபோ என்கிறார். மாமி, தொப்புள் வீக்கம் போல இதுவும் தானாக அடங்கும், ஒரு வயதுவரை பொறுக்கலாம் என்கிறார். இணையத்தில் இறக்கிய இன்னொரு பழைய புத்தகமோ மற்றப் பக்கத்தையும் திறந்து பார்க்க வேண்டும் என்கிறது. இவற்றில் எதை நம்புவது என்பதே நீங்கள் எழுத்தில் கேட்டது. மட்டக்களப்பில் இருப்பதால் என் பிள்ளைக்குப் பழைய வைத்தியம் நடக்கப் போகிறதா என்பதே உண்மையில் நீங்கள் கேட்க நினைத்தது என்று எனக்குப் படுகிறது. அப்படி நினைப்பதில் தவறில்லை.

நான் சிறுவர் சத்திரசிகிச்சை நிபுணர் அல்லன். கிழக்கு மாகாண வைத்தியசாலைகளின் சத்திரசிகிச்சைக் கூடங்களில் மயக்கமருந்து கொடுக்கும் வைத்தியராகப் பல வருடங்கள் பணியாற்றியவன். மருத்துவ மாணவர்களுக்கும் தாதியருக்கும் படிப்பித்தவன். கத்தி பிடித்தவரின் பக்கத்திலிருந்து அல்ல, குழந்தையின் தலைமாட்டிலிருந்து பார்த்துப் பழகியவனின் கருத்துகள் இவை. உங்கள் குழந்தையை நான் பார்த்ததில்லை. ஆகவே அந்தக் குழந்தைக்கு என்ன செய்ய வேண்டும் என்ற இறுதி முடிவு, கையால் தொட்டுப் பார்த்த வைத்தியருடையதுதான். அவர் சொன்னதை விளங்கிக்கொள்ளவும் அவரிடம் சரியான கேள்விகளைக் கேட்கவும் மட்டுமே நான் உதவ முடியும்.

ஐயத்துக்கு இடமில்லாதவற்றை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆண் சிசு கருவில் இருக்கும்போது விதைகள் வயிற்றுக்குள் இருந்து விதைப்பைக்கு இறங்குகின்றன. அவை இறங்கும் வழியில் வயிற்றின் உட்சவ்வு ஒரு சிறு குழாய் போலக் கூடவே நீண்டு வருகிறது. இந்தக் குழாய் பிறப்பை ஒட்டிய காலத்தில் மூடிக்கொள்ள வேண்டும். மூடாமல் அகலமாக நின்றுவிட்டால் குடல் அதற்குள் இறங்கி வருகிறது. அதுதான் நீங்கள் பார்க்கும் வீக்கம். வலப்பக்க விதை பிந்தி இறங்குவதால் வலப்பக்கத்தில் இது அதிகம். குழாயின் வாய் ஒடுக்கமாக இருந்து நீர் மட்டும் இறங்கினால் விதைப்பை நீர்கோத்து வீங்கும். அது பெரும்பாலும் ஓரிரு வயதுக்குள் தானாகவே வற்றிவிடும். தொப்புள் ஹேர்னியாவும் நான்கு, ஐந்து வயதுவரை பொறுத்துப் பார்க்கக் கூடியதே. அங்கே குடல் இறுகிக்கொள்வது மிக அரிது. மாமி சொன்னது தொப்புளுக்குச் சரி. கவட்டில் குடல் இறங்கும் ஹேர்னியாவுக்கு அது பொருந்தாது. இது தானாக மூடும் என்று காத்திருப்பதை இன்றைய பாடநூல்கள் சொல்வதில்லை. தொப்புளில் காசை வைத்துக் கட்டுவதும் கவட்டைத் துணியால் இறுக்குவதும் நம் ஊர்களில் இன்னும் நடக்கின்றன. முன்னையது தோலைப் புண்ணாக்கும், பின்னையது குடலையும் விதைக்குப் போகும் இரத்தக் குழாயையும் நசுக்கும்.

ஏன் அவசரம் என்பதும் ஐயமில்லாத பகுதியே. இறங்கிய குடல் திரும்ப ஏற முடியாமல் வாயில் இறுகிக்கொள்வதுதான் இந்த நோயின் ஆபத்து. அந்த ஆபத்து முதலாவது வயதில்தான் மிக அதிகம்; வளர வளரக் குறைகிறது. கனடாவில் செய்து 2008-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, நோய் கண்டறியப்பட்ட பின்னர் 14 நாட்களுக்கு மேல் காத்திருந்த சிசுக்களில் குடல் இறுகுவது ஏறக்குறைய இரு மடங்காக இருந்ததைக் காட்டியது. உங்களுக்கு இரண்டு கிழமைக்குள் நாள் கிடைத்திருக்கிறது என்றால், அந்த வைத்தியசாலை இந்த நோயில் மிக முக்கியமான விடயத்தைச் சரியாகவே செய்திருக்கிறது. பழையது, புதியது என்று ஒப்பிடத் தொடங்கும்போது கணக்கில் எடுக்க வேண்டிய முதலாவது விடயம் இந்தத் திகதிதான். கொழும்பில் புதிய முறைக்காக இரண்டு மாதம் வரிசையில் நிற்பது முன்னேற்றம் ஆகாது.

இனி அண்ணா அனுப்பிய பக்கம். திறந்த முறையில், கவட்டின் தோல் மடிப்போடு ஒட்டி இரண்டு சென்ரிமீற்றர் அளவில் ஒரு வெட்டு. உள்ளே விதைக்குப் போகும் இரத்தக் குழாய்களையும் விந்துக் குழாயையும் அந்தச் சவ்வுப் பையிலிருந்து மெதுவாகப் பிரித்தெடுத்து, பையை அதன் வாயருகில் நூலால் கட்டித் துண்டிப்பதுதான் வேலை முழுவதும். நான்கு மாதக் குழந்தையில் விந்துக் குழாய் ஒரு தடித்த தையல் நூலின் பருமன்தான் இருக்கும். பை ஈரமான வெங்காயச் சருகு போலக் கிழியக் கூடியது. பெரியவர்களுக்கு வைப்பதைப் போல வலை எதுவும் வைப்பதில்லை; குழந்தைக்குத் தசை பலவீனம் அல்ல நோய், மூடாத வாய்தான். லெப்ரஸ்கோப்பியில் தொப்புள் வழியாகக் கமராவை நுழைத்து, வயிற்றின் உட்புறமிருந்து அந்த வாயை நூலால் சுற்றி மூடுகிறார்கள். அதன் ஒரு வசதி, மற்றப் பக்கத்து வாய் திறந்திருக்கிறதா என்பதை அதே நேரத்தில் கண்ணால் பார்த்துவிடலாம். இரண்டு பக்கமும் ஹேர்னியா இருக்கும் குழந்தையிலும், ஒரு தடவை செய்து திரும்ப வந்துவிட்ட குழந்தையிலும் அது கைகொடுக்கும்.

இந்த இரண்டில் எது மேல் என்பது இன்றும் தீராத விவாதம். பழகிய கைகளில் இரண்டிலும் நோய் திரும்ப வருவது அரிது. ஒப்பீட்டு ஆய்வுகள் ஒன்றை மற்றொன்றுக்கு மேலே தெளிவாகத் தூக்கி வைக்கவில்லை. லெப்ரஸ்கோப்பிக்கு வயிற்றை வாயுவால் நிரப்ப வேண்டியிருப்பதால், சிசுவின் மூச்சு மயக்கமருந்து கொடுப்பவருக்கு இன்னும் கொஞ்சம் வேலை வைக்கிறது. சுவாசக் குழாயும் பொதுவாகப் போட வேண்டும். ஒரு பக்க ஹேர்னியா உள்ள நான்கு மாதக் குழந்தைக்குத் திறந்த முறையில் செய்வதைப் பழைய வைத்தியம் என்று யாரும் சொல்ல முடியாது. இன்றும் உலகின் பெரிய சிறுவர் வைத்தியசாலைகளில் அது அன்றாடம் நடக்கிறது. என் சொந்த விருப்பத்தைக் கேட்டால், முறையைவிடக் கையைத்தான் பார்ப்பேன்: குழந்தைகளுக்கு அந்த முறையைக் கிழமைதோறும் செய்பவர், அதை எப்போதாவது செய்பவரைவிட மேல்.

இரு பக்கமும் திறந்து பார்க்கச் சொல்லும் அந்தப் பழைய புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். அது பொய் சொல்லவில்லை; அதன் காலத்தில் அதுதான் வழக்கம். 1950-களின் நடுப்பகுதியிலிருந்து, சிசுக்களில் மற்றப் பக்கத்துக் குழாயும் அடிக்கடி திறந்தே இருப்பதைக் கண்ட சத்திரசிகிச்சையாளர்கள், ஒரே மயக்கத்தில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று நியாயமாகவே எண்ணினார்கள். பின்னர் ஒரு பக்கம் மட்டும் செய்த ஆயிரக்கணக்கான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, மற்றப் பக்கத்தில் பிற்பாடு ஹேர்னியா வந்தது ஏறக்குறைய 7 சதவீதத்தினருக்கு மட்டுமே என்று தெரிந்தது. குழாய் திறந்திருப்பது வேறு, அதில் குடல் இறங்குவது வேறு. பத்தில் ஒன்பது குழந்தைகளுக்குத் தேவையில்லாத வெட்டும், மற்ற விந்துக் குழாய்க்கும் காயம் படும் வாய்ப்பும் எதற்கு என்ற கேள்வி எழுந்து, அந்த வழக்கம் மெல்ல ஒழிந்தது. நீங்கள் இறக்கிய புத்தகத்தில் உடற்கூற்றுப் படம் இன்றும் சரி. பையைக் கட்டும் முறையும் சரி. அந்த ஒரு பந்திதான் காலாவதியாகிவிட்டது. பாடநூல்கள் இப்படித்தான் முதுமை அடைகின்றன, முழுவதுமாக அல்ல, பந்தி பந்தியாக.

இந்தத் துறையின் பாடநூல்களுக்கு வயது அதிகமில்லை. பொஸ்டன் நகரில் வில்லியம் லாட், ரொபேட் குரொஸ் ஆகிய இருவரும் சிசுக்களின் வயிற்றுச் சத்திரசிகிச்சை பற்றி எழுதிய நூல் 1941-இல் வெளிவந்தது. குழந்தை என்பது சின்ன மனிதன் அல்ல, அதற்குத் தனி நோய்களும் தனி அளவுகளும் உண்டு என்பதை நிலைநாட்டியதில் அந்த நூலுக்குப் பெரும் பங்குண்டு. குரொஸ் 1953-இல் தனியே இன்னும் பெரிய நூலொன்றை எழுதினார். 1962-இல் பலர் சேர்ந்து தொகுத்த இரண்டு பாகப் பெருநூல் ஒன்று வந்தது. பதிப்பாசிரியர்கள் மாறி மாறி அது பல பதிப்புகளைக் கண்டது. பிற்பாடு அதற்கு ஆர்னல்ட் கொரானின் பெயரே நிலைத்துவிட்டது. சிசுக்களுக்கென்றே தனியாக லிவர்பூலில் ரிக்ஹாம் எழுதிய நூலும், டப்ளினில் பிரேம் பூரி தொகுத்த நூலும், ஆஷ்கிராஃப்ட் பெயரில் தொடங்கி ஹோல்கொம்ப் பெயரும் சேர்ந்துகொண்ட நூலும் மேற்படிப்பு மாணவர்களின் மேசைகளில் காணப்படுபவை. கொரானின் நூலுடைய ஆறாம் பதிப்பு 2006-இலும் ஏழாம் பதிப்பு 2012-இலும் வந்தன. ஓர் அத்தியாயத்தை எழுதி, திருத்தி, அச்சேற்றுவதற்கே ஓரிரு வருடங்கள் போய்விடும் என்பதால், புதிய பதிப்பென்று கையில் கிடைப்பதிலும் சில பந்திகள் பிறக்கும்போதே பழசு. அண்ணா அனுப்பிய பக்கத்தில் ஆண்டு தெரியவில்லை. தெரிந்தாலும் அந்த ஒன்றை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

என் துறையிலிருந்தே இரண்டு உதாரணங்கள். நான் படித்த காலத்துப் புத்தகங்கள், எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு காற்றுப்பை இல்லாத சுவாசக் குழாயைத்தான் போட வேண்டும் என்று அடித்துச் சொல்லின. புதிய மெல்லிய காற்றுப்பை கொண்ட குழாய்கள் வந்த பின்னர், சிசுக்களுக்கும் அவை பாதுகாப்பாகவே இருக்கின்றன என்று பெரிய ஆய்வுகள் காட்டி, அந்த விதி கரைந்துபோனது. மற்றது, இன்று நினைத்தாலும் மனதைச் சங்கடப்படுத்துவது. புதிதாகப் பிறந்த குழந்தைக்கு வலி பெரிதாகத் தெரியாது என்ற நம்பிக்கையில், குறைமாதக் குழந்தைகளுக்கு மிகக் குறைந்த மயக்கத்துடனேயே நெஞ்சைத் திறந்த காலம் ஒன்று இருந்தது. 1987-இல் ஆனந்த் என்ற வைத்தியரும் அவருடைய சகாக்களும், அத்தகைய சிசுக்களுக்கு ஃபென்டனில் என்ற வலிநீக்கி கொடுத்தால் உடலின் அதிர்ச்சி எதிர்வினை குறைந்து, பிற்பாடு வரும் சிக்கல்களும் குறைகின்றன என்று காட்டினார்கள். இன்று உங்கள் பிள்ளைக்கு மயக்கம் கொடுத்த பிறகு, வாலெலும்பின் மேலுள்ள சிறு பள்ளத்தில் ஒரு மெல்லிய ஊசியால் மரத்துப்போகும் மருந்து செலுத்துவார்கள், அல்லது காயத்திலேயே செலுத்துவார்கள். கண் விழிக்கும்போது அழுவது பெரும்பாலும் பசிக்காகத்தான் இருக்கும்.

இந்தத் துறையில் முன்னேற்றம் எங்கே நடந்தது என்று பார்த்தால், வெட்டும் முறையில் நடந்ததைவிட வெட்டைச் சுற்றி நடந்ததே அதிகம் என்பது என் கருத்து. உணவுக் குழாய் இடையில் துண்டுபட்டுப் பிறக்கும் குழந்தை ஒருகாலத்தில் பிழைத்ததே இல்லை. 1941-இல் மிச்சிகனில் கமரூன் ஹெயிட் இரு முனைகளையும் ஒரே சத்திரசிகிச்சையில் இணைத்து ஒரு பெண் சிசுவைப் பிழைக்க வைத்தார். தையல் போடும் அந்த அடிப்படை எண்ணம் பெரிதாக மாறவில்லை. ஆனால் குடலால் உணவேற்க முடியாத சிசுவுக்கு நாளம் வழியாகவே முழுப் போசாக்கையும் கொடுக்கலாம் என்று பிலடெல்பியாவில் டட்ரிக்கும் அவருடைய குழுவினரும் 1968-இல் நிறுவியது, 1980-களில் விரல் நுனியில் மாட்டும் ஒட்சிசன் அளவி சத்திரசிகிச்சைக் கூடங்களுக்கு வந்தது, குறைமாதக் குழந்தையின் நுரையீரலைப் பேணும் கருவிகள் வந்தது ஆகியவைதான் அந்தத் தையலைப் பிழைக்க வைத்தன. கருவிலேயே சத்திரசிகிச்சை செய்வது உண்மையான பாய்ச்சல்தான். முதுகுத்தண்டு மூடாத சிசுவுக்குக் கருவில் செய்து, பிறந்த பிறகு மூளைநீர் வடிகுழாய் தேவைப்படுவதை 82 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாகக் குறைத்ததை 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆனால் அது தாயின் வயிற்றையும் திறப்பது, பிரசவம் முந்திவிடும் அபாயம் உள்ளது, சில மையங்களில் மட்டுமே நடப்பது.

வெட்டைச் சுற்றி நடப்பதே முக்கியம் என்பதற்கு வலுச் சேர்க்கும் எண்கள் 2021-இல் லான்செட் சஞ்சிகையில் வந்தன. 74 நாடுகளின் 264 வைத்தியசாலைகளில், குடல் வெளியே பிதுங்கிப் பிறத்தல், உணவுக் குழாய் துண்டுபடுதல் போன்ற பிறவிக் குறைபாடுகளுடன் வந்த 3849 குழந்தைகளைப் பார்த்தார்கள். வறிய நாடுகளில் ஏறக்குறைய 40 சதவீதத்தினரும், நடுத்தர வருமான நாடுகளில் 20 சதவீதத்தினரும், செல்வந்த நாடுகளில் 6 சதவீதத்துக்குக் குறைவானவர்களும் இறந்தார்கள். எல்லா நாடுகளிலும் சத்திரசிகிச்சையாளர்கள் படிப்பது பெரும்பாலும் இதே பாடநூல்களைத்தான். குழந்தை எந்த நிலையில் வந்து சேர்ந்தது, நாளத்தால் ஊட்டம் கொடுக்க முடிந்ததா, சுவாசக் கருவி இருந்ததா, மயக்கமருந்தில் தேர்ந்தவர் இருந்தாரா என்பதில்தான் உயிர் தங்கியிருக்கிறது. வாகரையிலோ பொத்துவிலிலோ பிறந்து பச்சை நிறத்தில் வாந்தியெடுக்கும் சிசுவுக்கு, எந்தப் பதிப்பைவிடவும் அன்றே புறப்படும் அம்புலன்ஸும் வழியில் உடம்பு குளிராமல் பார்த்துக்கொள்ளும் தாதியுமே பெரிது.

புதியது என்றால் மேல் என்று எண்ணுவோருக்காக ஓர் உதாரணம். குடல்வால் அழற்சிக்கு வெட்டாமல் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் மட்டும் சுகப்படுத்தலாம் என்ற பேச்சு அண்மைக் காலத்தில் பலமாக இருந்தது. 2025-இல் வெளியான பல நாட்டு ஆய்வில், மருந்து மட்டும் பெற்ற பிள்ளைகளில் 34 சதவீதத்தினருக்கு ஒரு வருடத்துக்குள் அது பலனளிக்கவில்லை. சத்திரசிகிச்சை பெற்றவர்களில் அந்த அளவு 7 சதவீதம். ஆக, அந்தப் பழைய முறை இன்னும் நின்றுபிடிக்கிறது. மறுபுறம், குறைமாதக் குழந்தைகளின் ஹேர்னியாவை அவர்கள் தீவிர சிகிச்சை விடுதியை விட்டு வீட்டுக்குப் போவதற்கு முன்னரே செய்துவிட வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். 2024-இல் வெளியான அமெரிக்க ஆய்வு, பொறுத்திருந்து பின்னர் செய்த குழந்தைகளுக்குப் பாரதூரமான சிக்கல்கள் குறைவாக, 28 சதவீதத்துக்குப் பதிலாக 18 சதவீதமாக, இருந்ததைக் காட்டி அந்த வழக்கத்தை அசைத்திருக்கிறது. இதைப் படித்துவிட்டு உங்கள் பிள்ளைக்கும் பிற்போடலாம் என்று எண்ணிவிட வேண்டாம். அது குறைமாதக் குழந்தைகளைப் பற்றியது. உங்கள் பிள்ளை நிறைமாதம்.

மயக்கமருந்து மூளை வளர்ச்சியைப் பாதிக்குமா என்று கேள்வியின் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். என் துறை என்பதால் இதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். விலங்குக் குட்டிகளில் நடத்திய பரிசோதனைகள் அச்சத்தை ஏற்படுத்தியதால், 7 நாடுகளில் 722 சிசுக்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். எல்லாருமே உங்கள் பிள்ளையைப் போலக் கவட்டு ஹேர்னியாவுக்கு வந்தவர்கள். பாதிப்பேருக்குச் செவோஃபுளுரேன் வாயுவால் முழு மயக்கம். பாதிப்பேரை விழித்திருக்க வைத்து முதுகு ஊசியால் இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கச் செய்தார்கள். மயக்கம் நீடித்தது பொதுவாக ஒரு மணி நேரத்துக்குள். 2 வயதிலும் பின்னர் 5 வயதிலும் பார்த்தபோது இரு பகுதியினரின் அறிவு வளர்ச்சியில் வேறுபாடு இல்லை. ஐந்து வயது முடிவுகள் 2019-இல் வெளியாகின. ஆகவே, ஒரு தடவை, ஒரு மணி நேரத்துக்குள் என்றால் அஞ்ச வேண்டியதில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்ட மயக்கம், அல்லது மூன்று வயதுக்குள் பல தடவை கொடுப்பது பற்றி அமெரிக்க மருந்து நிர்வாகம் 2016-இல் எச்சரித்தது. அந்தப் பகுதி இன்னும் ஐயத்திலேயே இருக்கிறது. அங்கேயும்கூட, தேவையான சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடுவதன் கேடு பெரும்பாலும் அதைவிடப் பெரிது.

புத்தகம் வாசிக்கத்தான் வேண்டுமென்றால், அதிலும் நியாயமுண்டு. திருட்டுத்தனமாக ஏற்றிய பி.டி.எஃப்களில் பக்கங்கள் விடுபட்டும் பதிப்பு ஆண்டு மறைந்தும் கிடக்கும். அவற்றை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஆபிரிக்காவில் பணியாற்றும் சிறுவர் சத்திரசிகிச்சையாளர்களுக்காக 2010-இல் வெளியிட்ட விரிவான பாடநூலொன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. சுவாசக் கருவி இல்லாத இடத்தில், குழந்தை பிந்தி வந்து சேரும் இடத்தில் என்ன செய்யலாம் என்பதையும் கணக்கில் எடுத்து எழுதியது அது. எங்கள் மாகாணத்து மாணவர்களுக்கு, பொஸ்டனை மனதில் வைத்து எழுதிய நூல்களோடு அதையும் சேர்த்துப் படிக்கச் சொல்வது என் வழக்கம். பெற்றோருக்கு அது கனமான வாசிப்புத்தான்; ஆனால் ஹேர்னியா அத்தியாயம் சிறியது.

கொழும்புக்குக் கொண்டுபோவது பற்றி. 1895-இல் தொடங்கிய லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையும், பேராதனையிலுள்ள சிறுவர் வைத்தியசாலையும் எங்களுக்குத் தேவைப்படும் வேளைகள் உண்டு: குறைமாதத்தில் பிறந்து மூச்சு நின்று நின்று வந்த குழந்தை, இதய நோயுள்ள குழந்தை, சத்திரசிகிச்சைக்குப் பிறகு தீவிர சிகிச்சை வேண்டிவரக் கூடிய குழந்தை. நிறைமாதத்தில் பிறந்து, பால் குடித்து, எடை ஏறிவரும் நான்கு மாதக் குழந்தையின் ஒரு பக்க ஹேர்னியா அந்த வகையில் சேராது. முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் இரவு பஸ்ஸில் கொண்டுபோகும் வழியில், பொலன்னறுவைக்கு அப்பால் குடல் இறுகிக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்பதையும் அண்ணாவிடம் கேட்டுப் பாருங்கள். உங்கள் வைத்தியசாலையில் கேட்க வேண்டியவை வேறு. இந்த வயதுக் குழந்தைகளுக்கு இங்கே வழமையாக மயக்கமருந்து கொடுக்கிறார்களா? அன்று கொடுக்கப்போகும் வைத்தியர் யார்? இரவு விடுதியில் வைத்திருப்பார்களா, அன்றே வீட்டுக்கு விடுவார்களா? இவற்றுக்குத் தயங்காமல் பதில் கிடைத்தால் நான் என் பேரப்பிள்ளையை அங்கேயே கொடுப்பேன். வைத்தியரே குழந்தையை மேலே அனுப்ப வேண்டும் என்று சொன்னால், அப்போது தாமதிக்காமல் போக வேண்டும்.

அதுவரை கவனிக்க வேண்டியது ஒன்றுதான். வீக்கம் எழுந்தால் பிள்ளையைப் பால் கொடுத்தோ தோளில் போட்டோ அமைதிப்படுத்துங்கள். அழுகை நின்றால் பெரும்பாலும் அது உள்ளே போய்விடும். அழுகை நின்ற பிறகும் வீக்கம் கல்போல நின்றால், தொட்டால் வீரிட்டு அழுதால், தோல் சிவந்தால், வாந்தி எடுத்தால், அதிலும் பச்சை நிறத்தில் எடுத்தால், திகதியைப் பார்க்க வேண்டாம். பாலை நிறுத்திவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். இரவானால் 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். வீட்டில் யாரும் அமுக்கி உள்ளே தள்ள முயலக் கூடாது. நேரத்தோடு வந்துவிட்டால், வலிநீக்கி கொடுத்து வைத்தியர் மெதுவாக உள்ளே அனுப்பிவிட்டு, ஓரிரு நாளில் ஆறுதலாகச் சத்திரசிகிச்சை செய்ய முடியும்.

சத்திரசிகிச்சை நாளுக்கு முந்திய இரவு, எத்தனை மணிக்குக் கடைசிப் பால் என்று விடுதியில் எழுதித் தருவார்கள். வழமையான கணக்கு தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம், மாப்பாலுக்கு 6, தெளிந்த நீருக்கு 2. ஐரோப்பாவில் தெளிந்த நீருக்கு 1 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 3 மணி நேரம் என்று இப்போது குறைத்திருக்கிறார்கள். அண்ணா அதையும் அனுப்பக்கூடும். உங்களுக்கு விடுதி தரும் நேரம்தான் கணக்கு, ஏனென்றால் அந்த மேசையில் நிற்பவர் அதை நம்பித்தான் மருந்தைத் தொடங்குவார். பசியில் அழுகிறான் என்று மாமி ஒரு கரண்டி பாலைப் பருக்கிவிட்டால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் ஏச மாட்டார்கள், சில மணி நேரம் பிந்தும், அவ்வளவுதான். மூக்கு ஒழுகினாலோ, சளி இரைந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ முன்தினமே அறிவித்துவிடுங்கள். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டையும், பிறந்த வைத்தியசாலையில் தந்த துண்டையும், வீட்டில் யாருக்காவது மயக்கமருந்தால் பிரச்சினை வந்திருந்தால் அந்த விபரத்தையும் கையோடு கொண்டு போங்கள்.